ஏரும் டிராக்டரும் பட்டாவும்: செங்கல்பட்டு வயல்களில் ஒரு வரலாறு



இந்த நினைவுச் சொற்பொழிவில் எதைப் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்த சித்திரை மாதத்தில், நாங்கள் ஏழெட்டுப் பேர் மதுராந்தகம் வட்டாரத்தில் ஒரு கிராமத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தோம். அது சொர்ணவாரிப் பட்டம். ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டது. கிணற்றை நம்பி நெல் வைக்கிறவர்கள் சேடை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நின்ற இடத்திலிருந்தே நான்கு விதமான வேலைகளைப் பார்க்க முடிந்தது. பெரிய கழனியில் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் சேற்றைக் கலக்கியது. பக்கத்துக் கழனியில் நடவு இயந்திரம், பாய் நாற்றங்காலிலிருந்து சுருட்டி எடுத்து வந்த நாற்றைக் கொத்துக் கொத்தாக ஊன்றிக்கொண்டே போனது. டிராக்டர் திரும்ப இடமில்லாத ஏரிக்கரை மூலையில் ஒரு பெரியவர் ஜோடி மாட்டைக் கட்டி மர ஏர் ஓட்டினார். கிழக்கே சின்னத் துண்டு ஒன்றில் ஒரு பெண் டிரம் சீடரை இழுத்துக்கொண்டு போனார். நான்கு டிரம், முளைகட்டிய விதை எட்டு வரிசையாகச் சேற்றில் விழுந்தது.

எங்களோடு வந்த மாணவர் ஒருவர் ஏரைப் படம் எடுத்துவிட்டு, “இதெல்லாம் அழியக்கூடாத மரபு” என்றார். பெரியவர் மாட்டை நிறுத்தினார். “போட்டோவுல நல்லாத்தான் இருக்கும் தம்பி. எங்க நைனா இதப் புடிச்சுப் புடிச்சே கூன் விழுந்து செத்தாரு” என்றார்.

அந்தப் பதிலிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. பழைய கருவியா, புதிய கருவியா, எது நல்லது என்ற விவாதம் நம் நாட்டில் நிறைய நடந்திருக்கிறது. கருவியைப் பிடித்த கை யாருடையது, கருவி யாருடையது, அது ஓடிய நிலம் யாருடையது என்ற மூன்று கேள்விகளும் அந்த விவாதத்தில் அரிதாகவே எழுந்தன. அன்று வரப்பில் நாங்கள் இவற்றைத்தான் கேட்டுப் பார்த்தோம். டிராக்டர் ஓட்டிய பையன் காலனி. டிராக்டரும் நிலமும் ஊர்க்காரருடையவை. ஏர் ஓட்டிய பெரியவரும் காலனி. மாடு அவருடையது, நிலம் இல்லை. நடவு இயந்திரம் வெளியூரிலிருந்து வாடகைக்கு வந்தது. டிரம் சீடர் இழுத்த பெண்ணைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் ஏரின் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மர ஏரின் சால் ஏறக்குறைய அரை அடி அகலம். அப்படியானால் ஓர் ஏக்கரை ஒருமுறை உழ 87,120 அடி நடக்க வேண்டும். அதாவது இருபத்தாறரைக் கிலோமீட்டர். நெல்லுக்கு ஒரு சால் போதாது. நான்கு சால் ஓட்டினால் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். வெறுங்காலில், சேற்றில், மேழியை அழுத்திப் பிடித்தபடி நடந்த நடை இது. உழவின் பெருமையைப் பாடியவர்கள் பலர். இந்த நூறு கிலோமீட்டரை நடந்தவர்களுக்குச் செங்கல்பட்டில் இருந்த பெயர் படியாள்.

படியாள் என்பவர் மிராசுதாரரிடம் படிநெல் வாங்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் உழைத்தவர். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் அவரைக் கட்டிப்போட்டது. 1843இன் ஐந்தாம் சட்டம், அடிமை மீதான உரிமையை இனி நீதிமன்றங்கள் ஏற்காது என்றது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆனால் ஏர், மாடு, விதை, நிலம் எல்லாம் மிராசுதாரரிடமே இருந்தன. சேரி இருந்த மனையும் அவர் பிடியில்தான் இருந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்ற நிலையில், சட்டப்படி சுதந்திரமான ஒருவர் எங்கே போவார்?

இதை அரசு ஆவணத்தில் எழுதியவர் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரெமென்ஹீர். 1891இல் அவர் அளித்த அறிக்கை, பறையர் மக்களின் கடனையும் மனை உரிமையின்மையையும் நிலமின்மையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போட்டால்கூட மிராசுதாரருக்கே முன்னுரிமை என்ற விதி இருந்ததால், உழுதவர்கள் நிலம் பெற வழியே அடைபட்டிருந்தது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குகிறது. ஒப்படைக்கப்பட்ட நிலத்தைக் குறிப்பிட்ட காலம் வரை விற்கக்கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நில மீட்பு இயக்கங்கள் முன்வைத்து வரும் கணக்கு. இதே மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன்தான் பின்னாளில் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார் என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அந்த அரசியல் இந்தச் சேற்றிலிருந்து எழுந்தது.

இனி யந்திரத்துக்கு வருவோம். செங்கல்பட்டு வயல்களில் மனித உடலை முதலில் விடுவித்தது டிராக்டர் இல்லை, பம்புசெட். அதற்கு முன் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தவை ஏற்றமும் கவலையும். ஏற்ற மரத்தின் மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் சாலைப் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்ப்பார். கால் தவறினால் கிணறு. வயலுக்குத் தண்ணீர் இறைத்த அதே கை, ஊர்ப் பொதுக்கிணற்றில் குடிக்க ஒரு குடம் மொள்ள முடியாது. மின்மோட்டார் வந்தபோது அந்த ஆபத்தான வேலை போனது. நாம் அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் மின்இணைப்பு கிணற்றுக்கு வந்தது. கிணறு நிலம் உள்ளவருக்கு இருந்தது. பின்னாளில் விவசாய மின்சாரம் இலவசமானபோதும் அந்தச் சலுகை கிணற்றின் வழியாகவே போய்ச் சேர்ந்தது.

அடுத்தது டிராக்டர். 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் வந்தது: ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970இல் அது 15ஆகக் குறைக்கப்பட்டது. உச்சவரம்பு பேச்சாகவும் சட்டமாகவும் இருந்த அதே ஆண்டுகளில்தான், பல ஆட்கள் இல்லாமலே பெரிய நிலத்தை உழ முடியும் என்ற நிலை உருவானது. பசுமைப் புரட்சியின் குறுகிய கால நெல் ரகங்களும் சேர்ந்துகொண்டன. ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடையில் நாள் குறைவு. வேகமாக உழ வேண்டும். டிராக்டர் வேகமாக உழுதது.

ஆண்டு முழுவதும் படியாளை வைத்திருக்க வேண்டிய தேவை நிலக்காரருக்கு மெல்ல இல்லாமல் போனது. அதே நேரம், ஆண்டை வீட்டு வாசலில் நிற்க வேண்டிய தேவையும் நம்மவர்களுக்குக் குறைந்தது. சென்னைக் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும், பிறகு தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். பெரியவரிடம் இதைக் கேட்டோம். “டிராக்டர் வந்து எங்கள வெரட்டிச்சின்னும் சொல்லலாம், அவுத்து வுட்டுச்சின்னும் சொல்லலாம்” என்றார். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுகிற வரலாறு முழு வரலாறு ஆகாது.

பெண்களின் கணக்கு இன்னும் நுட்பமானது. 20-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 50 குத்து. ஓர் ஏக்கருக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல். அத்தனையும் குனிந்த முதுகோடு, மூன்று விரலால். நடவு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேசினோம். “முதுகு பொழச்சிது கண்ணு. ஆனா நடவு சீசன்ல கைல வர்ற காசு எங்க வரும்? நூறு நாள் வேலயும் எல்லா நாளும் தர்றதில்ல” என்றார். ஆண்கள் நகரத்துக்குப் போய்விட்ட வீடுகளில் மிச்சமிருந்த விவசாய வருமானம் நடவும் களையெடுப்பும்தான். அதைத்தான் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அதை இயக்கும் பயிற்சிக்கு அந்தப் பெண்களை யாரும் கூப்பிடவில்லை. கை வேலையாக இருந்தவரை நடவு பெண் வேலை. எஞ்சின் பூட்டியதும் அது ஆண் வேலையாகிவிட்டது.

இன்னொன்றும் போனது. விதைப்பு, நடவு, அறுவடை ஆகிய சில வாரங்களில்தான் நிலமற்றவருக்குப் பேரம் பேசும் பலம் உண்டு. நாற்று முற்றினால் காத்திருக்காது. கதிர் முற்றினால் உதிரும். அந்த வாரங்களில் கூலி கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்பதை அறிய நாம் செங்கல்பட்டை விட்டுக் கீழத்தஞ்சைக்குப் போக வேண்டும். நெல் உற்பத்தியாளர் சங்கமாகத் திரண்ட மிராசுதாரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தபோது, இவ்வளவு நிலமுள்ள பணக்காரர்கள் நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது. அவர்களில் ஒருவர் கார் வைத்திருந்ததையும் குறிப்பிட்டது. ஒரு யந்திரத்தின் உடைமைகூட ஒருவரின் நற்சாட்சியாக நிற்க முடிந்தது.

இன்று கூலிப் பேரத்துக்கு வரும் பதில் வேறு. ஒரு போன் அழைப்பில் வாடகை இயந்திரம் வந்துவிடுகிறது. இரத்தம் இல்லை, அதனால் யாரும் அதைப் பேசுவதும் இல்லை. வன்முறை இல்லாதது நல்லதே. ஆனால் வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் வயலில் மழுங்கிவிட்டது என்பதை நம் இயக்கங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்படியானால் யந்திரத்தை எதிர்ப்பதா? அம்பேத்கரை வாசித்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. 1918இல் சிறு நிலங்கள் பற்றி எழுதிய கட்டுரையில், நிலத் துண்டு சிறியதா பெரியதா என்று மட்டும் பார்க்காதீர்கள், உழுபவரிடம் முதலும் கருவியும் எவ்வளவு இருக்கின்றன என்று பாருங்கள் என்று அவர் வாதிட்டார். 1945இல் காந்தியையும் காங்கிரசையும் விமர்சித்து எழுதிய நூலில், விலங்கு வாழ்க்கையிலிருந்து மனிதரை மீட்டு ஓய்வையும் பண்பாட்டையும் தரக்கூடியது யந்திரம் என்றார். யந்திரத்தின் கேடுகளுக்குக் காரணம் தவறான சமூக அமைப்பும் தனிச்சொத்தும்தான்; மாற்ற வேண்டியது அவற்றையே என்பது அவர் நிலை. 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ ஆவணத்தில் அதற்கான திட்டத்தையே வைத்தார். வேளாண்மை அரசுத் தொழிலாக வேண்டும். நிலம் சாதி மத வேறுபாடின்றிக் கிராம மக்களுக்குக் கூட்டுப் பண்ணைகளாகத் தரப்பட வேண்டும். தண்ணீர், உழவு மாடு, கருவி, உரம், விதை ஆகியவற்றுக்கு அரசு முதலிட வேண்டும். நிலக்கிழார், குத்தகையாளர், நிலமற்ற கூலி என்ற மூன்று பேருமே அங்கே இருக்கக்கூடாது. நிலத்தையும் கருவியையும் ஒரே மூச்சில் கேட்ட ஆவணம் அது. நமக்கு இரண்டும் தனித்தனியாகக்கூட வந்து சேரவில்லை.

இன்றைய நிலையைப் பாருங்கள். 2014-15இல் தொடங்கிய ஒன்றிய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், பெரும்பாலான கருவிகளுக்குப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், சிறு குறு விவசாயிகளுக்கு 50 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 40. காகிதத்தில் நல்ல திட்டம். ஆனால் விண்ணப்பத்தோடு சிட்டா, அடங்கல் வேண்டும். மீதிப் பாதித் தொகையைப் புரட்ட வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 20 சதவீதமான நம்மில் மிகப் பெரும்பாலோர் கூலி உழைப்பாளர்கள். டிராக்டரை அன்றாடம் ஓட்டுகிற காலனிப் பையன் அந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அவரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, பட்டா இல்லை.

பட்டா ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் இதே மாவட்டத்தில் இருக்கிறது. பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்க 1994இல் காரணையில் போராடினார்கள். அக்டோபர் 10 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அந்த மண்ணின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகளை இப்படி வைக்கலாம். பஞ்சமி நிலங்களை அளந்து மீட்டுக் கொடுக்க வேண்டும். இயந்திர மானியத்துக்குப் பட்டா நிபந்தனையைத் தளர்த்தி, நிலமற்ற தலித் பெண்கள், இளைஞர்களின் குழுக்களுக்கு வாடகை மையங்களை உடைமையாகத் தர வேண்டும். நடவு இயந்திரம் இயக்கும் பயிற்சியில் முதலிடம், அதனால் வேலை இழந்த நடவுப் பெண்களுக்கு. வேலை உறுதித் திட்ட நாட்கள் முழுமையாகக் கிடைக்க வேண்டும். மாணவர்களுக்கு ஒரு வேலை: உங்கள் ஊரில் எந்த ஆண்டு ஏற்றம் நின்றது, எந்த ஆண்டு முதல் டிராக்டர் வந்தது, யாருக்கு வந்தது, யார் வேலை போனது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்த ஆவணக் காப்பகத்திலும் அது இல்லை. அவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

டிரம் சீடர் இழுத்த பெண்ணிடம் திரும்புவோம். அந்த முக்கால் ஏக்கர் அவர் தாத்தாவுக்குக் கிடைத்த பஞ்சமி நிலம். சுற்றியிருந்த துண்டுகள் ஒவ்வொன்றாகக் கைமாறியபோதும் அவர்கள் வீடு இதை விடவில்லை. டிரம் சீடர் மகளிர் குழுவினுடையது. அன்று காலை அவர் முறை. நாற்றங்கால் இல்லை, நடவுக் கூலி இல்லை. பதினொரு மணிக்குள் விதைத்து முடித்துக் கால் கழுவிக்கொண்டு வரப்பேறினார். டிராக்டர் ஓட்டிய பையனுக்கு அன்று மாலை வரை வேலை இருந்தது. இவர் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குச் சோறு வடிக்க வீட்டுக்குப் போனார். அம்பேத்கர் சொன்ன ஓய்வு அந்த வயலில் சில மணிநேரம் கிடைத்திருந்தது. நிலமும் கருவியும் ஒரே கையில் இருந்த வயல் அது ஒன்றுதான்.

 ஜெய்பீம்.