குருதியோட்ட எம்.ஆர்.ஐ.: மூளைக்கட்டிகளில் அளவீட்டுத் துல்லியம்

குருதியோட்ட எம்.ஆர்.ஐ. என்பது மூளைக்கட்டியின் இரத்த நாளப் பெருக்கத்தை அளக்கும் படமெடுப்பு முறை. கையிலுள்ள சிரை வழியே கடோலினியம் மருந்து வேகமாகச் செலுத்தப்படும். அது மூளையைக் கடக்கும் சில நொடிகளில் சமிக்ஞை சரிந்து மீள்கிறது. அந்தச் சரிவிலிருந்து குருதிக் கன அளவு கணிக்கப்பட்டு, எதிர்ப்பக்கத்து இயல்பான வெண்பொருளோடு ஒப்பிடப்படுகிறது. கதிர்வீச்சுக்குப் பின் தெரியும் மாற்றம் கட்டியின் மறுவளர்ச்சியா, சிகிச்சையின் விளைவா என்று பிரித்தறிய இந்த அளவு பெரிதும் உதவுகிறது.

கணக்கு பிழைப்பதற்கு முதன்மைக் காரணம் கசிவு. மருந்து நாளத்துக்குள்ளேயே நிற்கும் என்பது இக்கணிப்பின் அடிப்படை. கிளியோபிளாஸ்டோமா என்னும் வீரியமிக்க மூளைக்கட்டியிலோ குருதி–மூளைத் தடுப்பு சிதைந்திருப்பதால் மருந்து திசுவுக்குள் கசிகிறது. கசிந்த மருந்தின் டி1 விளைவு (சமிக்ஞையை உயர்த்துவது) மேலோங்கினால் குருதிக் கன அளவு குறைத்தும், டி2* விளைவு (சமிக்ஞையைத் தாழ்த்துவது) மேலோங்கினால் மிகைத்தும் காட்டப்படும். ஒரே பிழை இரு திசையிலும் இழுப்பதுதான் இதில் சிக்கல்.

முன்கூட்டியே ஒரு தவணை மருந்து செலுத்தித் திசுவை நிறைவிப்பது பழகிய தீர்வு. 2006-இல் பாக்சர்மேன், ஷ்மெய்ண்டா, வைஸ்காஃப் முன்வைத்த கணிதத் திருத்தமும் பரவலாகக் கையாளப்படுகிறது. 2020-இல் வெளியான நிபுணர் பரிந்துரை, 30 பாகைப் புரட்டுக் கோணத்தில் (flip angle) முன்தவணையின்றி ஒரே ஊசியில் படமெடுக்கவும் இடமளித்தது. கடோலினியத்தைக் குறைக்க விரும்புவோருக்கு இது நல்ல வழி.

கசிவு தவிர வேறு வரம்புகளும் உண்டு. அறுவைக் குழியின் இரத்தக்கசிவு, மண்டையோட்டின் அடித்தளக் காற்றறைகள் ஆகியவற்றுக்கு அருகில் படம் உருக்குலையும். அங்கே எந்தக் கசிவுத் திருத்தமும் பயன்படாது. மேலும், ஒலிகோடென்ட்ரோகிளியோமா என்னும் கட்டி வகை குறைந்த தரத்திலும் உயர்ந்த குருதிக் கன அளவு காட்டக்கூடும்.