பாடகர் ஆவதற்கு முன்னால் பால் ராப்சன்

பால் ராப்சன் என்றதும் பலருக்கு அந்தக் கனத்த குரல்தான் ஞாபகம் வரும். அவர் ஒரு காலத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த கல்லூரி கால்பந்து வீரர்களில் ஒருவர் என்பது தெரியுமா? கால்பந்து என்றால் நாம் ஆடுவது இல்லைங்க. முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஒருவர் ஓட, எதிரணிக்காரர்கள் மேலே பாய்ந்து வீழ்த்துவார்களே, அது.

1898 ஏப்ரல் 9-ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டனில் பிறந்தார். அப்பா வில்லியம் அடிமையாகப் பிறந்து, பதினைந்து வயதில் தப்பி ஓடி, பிறகு படித்துப் பாதிரியார் ஆனவர். 1904-ல் வீட்டு அடுப்பிலிருந்து தீப்பற்றி அம்மா இறந்தபோது பாலுக்கு ஐந்து வயது. அதன்பின் எல்லாமே அப்பாதான்.

1915-ல் மாநில அளவிலான தேர்வில் வென்று, உதவித்தொகையோடு ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படிக்க வந்த மூன்றாவது கறுப்பின மாணவர் அவர். கால்பந்து அணியில் சேரப் போன முதல் நாளே, அவர் திரும்பி வரக்கூடாது என்று வெள்ளைக்கார மாணவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். மூக்கு உடைந்தது, தோள் மூட்டு விலகியது, பத்து நாள் படுக்கை. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். ஆனால் நீ உனக்காக மட்டும் அங்கே போகவில்லை, உனக்குப் பின்னால் வர நினைக்கும் கறுப்பினப் பையன்களுக்காகவும் போகிறாய் என்று அப்பா சொல்லியிருந்தாராம். எழுந்து மறுபடி மைதானத்துக்குப் போனார். இந்தமுறை ஒருவன் ஆணி வைத்த பூட்ஸால் கையை மிதித்து நகங்களைப் பிய்த்தான். ஆத்திரம் தலைக்கேறி, அடுத்த ஆட்டத்தில் பந்தோடு வந்தவனை அப்படியே தலைக்கு மேல் தூக்கிவிட்டார்! தரையில் அடிப்பதற்குள், நீ அணியில் சேர்ந்துவிட்டாய் என்று கத்தினாராம் பயிற்சியாளர் சான்ஃபோர்டு. இது 1944-ல் ராப்சனே ஒரு பத்திரிகைக்குச் சொன்னது.

எனக்கு இந்த அடிதடியைவிட அதிகம் உறுத்துவது 1916 அக்டோபரில் நடந்ததுதான். ரட்கர்ஸின் 150-வது ஆண்டு விழா ஆட்டம். தெற்கிலிருந்து வந்த வாஷிங்டன் அண்ட் லீ அணி, கறுப்பர் இருந்தால் களமிறங்க மாட்டோம் என்றது. சான்ஃபோர்டு பணிந்தார். ராப்சன் வெளியே உட்கார, ஆட்டம் டிராவில் முடிந்தது. பிறகு வெஸ்ட் வர்ஜீனியா அணி அதையே கேட்டபோது சான்ஃபோர்டு மறுத்துவிட்டார். அந்தத் துணிச்சல் விழாவன்று எங்கே போயிருந்தது?

1917 நவம்பரில் புரூக்ளினில், நட்சத்திர வீரர்கள் நிறைந்த நியூபோர்ட் கடற்படை அணியை ரட்கர்ஸ் 14-0 என்று வீழ்த்தியது. ராப்சனைப் பத்திரிகைகள் கொண்டாடின. 1918-ல் வால்டர் கேம்ப் வெளியிட்ட அகில அமெரிக்க அணியில் இடம். அதைப் பார்க்க அப்பா இல்லை, அந்த மே மாதமே இறந்துவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில் படிப்பு, பேச்சுப் போட்டிகள், கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம்! 1919 பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பாகப் பேசியவரும் அவரே. கல்லூரிப் பாடகர் குழு மட்டும் அவரை உள்ளூரில் பாடவிட்டு, வெளியூருக்குக் கூட்டிப்போகவில்லை. (பால் ராப்சனை!)

கல்லூரிக் கால்பந்தின் புகழ் மன்றம் முதல் தொகுதி வீரர்களை 1951-ல் சேர்த்தது. இடதுசாரிக் கருத்துகளுக்காக அமெரிக்க அரசு ராப்சனின் பாஸ்போர்ட்டைப் பறித்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 1976-ல் அவர் இறந்தார். மன்றத்தில் அவர் பெயர் ஏறியது 1995-ல்.