சூலுற்ற மகளிரும் பரேல் ஆய்வும்

காட்கோபர்வாழ் தமிழருள் பலர் நாள்தோறும் பரேல் நிலையத்தைக் கடந்தே பணிக்குச் செல்கிறோம். அங்கே பழைய ஆளுநர் மாளிகையில் அமைந்த ஹாஃப்கின் ஆய்வுக்கழகம் கொள்ளைநோய் ஊசியால் புகழ்பெற்றது. சூலுற்ற மகளிர்க்கு அதன்வழி விளைந்த நன்மையையோ நம்மிற் பலர் அறியோம்.

1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய் வந்தார். பஞ்சாலைகள் மலிந்த இந்நகரில் ஏழைப் பெண்டிர் பலர் கருவுற்ற காலத்துக் கொடிய சோகையால் மாண்டுகொண்டிருந்தனர். கிருமியே காரணமோ என முதலில் ஆராய்ந்தார், விடை கிட்டவில்லை. பின்னர் அவர்களுடைய அடுக்களையை நோக்கினார். கீரையும் பழமும் பாலும் அரிதான அவ்வுணவையே விலங்குகளுக்கு ஊட்டிப் பார்த்தார். குன்னூர் ஆய்வகத்திலும் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணி தொடர்ந்தது. அம்மருத்துவமனை கஸ்தூரிபா காந்தி பெயரைப் பெற்ற பின்னரும் திருவல்லிக்கேணியார் நாவில் கோஷா ஆஸ்பத்திரியாகவே நிற்பதை நாம் அறிவோம்.

அக்காலத்தில் சோகைக்குத் தூய ஈரற்சாறு பெருமருந்து. இப்பெண்டிரிடம் அது பலிக்கவில்லை. ஆங்கிலேயர் ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறோ அவர்களைப் பிழைக்க வைத்தது! 1931-இல் இம்முடிவு வெளியாயிற்று. சாற்றினுள் இருந்த பொருள் யாதெனத் தெரியாமையால் 'வில்ஸ் காரணி' என்றே வழங்கினர். 1941-இல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து அதனைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945-இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய லெடர்லி ஆய்வகத்தின் தலைவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பரேலில் தொடங்கிய தேடல் சென்னை மாணவர் ஒருவர் கையில் நிறைவுற்றது நமக்கு மகிழ்ச்சி தருவதே.

தாயின் குருதிக்கெனத் தேடிய பொருள் சேயின் முதுகெலும்பையும் காப்பதைப் பின்னரே உலகம் உணர்ந்தது. கருவில் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு குழாயாகத் தோன்றுகின்றன. அக்குழாய் மூடாவிடின் முதுகு பிளந்த குழந்தையோ, மண்டை அமையாக் குழந்தையோ பிறக்கும். முன்னர் அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாரிடையே, ஃபோலிக் அமிலம் அக்குறையை 72 விழுக்காடு தடுத்ததென 1991-இல் பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது.

கீரையில் இச்சத்து உண்டே எனலாம். உண்டு, ஆயினும் நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்தும் நீரோடு போகும். நம் வீடுகளில் இது நடவாத நாள் குறைவு.

இந்திய அரசு 1970 முதல் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைச் சூலுற்ற மகளிர்க்கு வழங்கி வருகிறது. ஆனால் அக்குழாய் கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதைப் பெண் உணர்வதே அப்போதுதான். மருத்துவமனையில் பெயர் பதிவதோ இரண்டாம் மூன்றாம் மாதத்தில். ஆகவே கருவுறுதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். வளைகாப்புக்கு நாள் பார்க்கும் நம் குடும்பங்களில், புதுமணப் பெண்ணிடம் இதனை எடுத்துச் சொல்வார் இன்னும் சிலரே.