கோபன்ஹேகன் இளம்பிள்ளை வாதக் கொள்ளைநோய், 1952

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1952ஆம் ஆண்டின் பிற்பாதியில் இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ கடுமையாகப் பரவியது. இன்று உலகெங்கும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கொள்ளைநோயிலிருந்தே சொல்லப்படுகிறது. காற்றை நுரையீரலுக்குள் அழுத்திச் செலுத்தும் முறை அதுவரை அறுவை அரங்கில் மயக்க மருந்து நிபுணர்களின் கையில்தான் இருந்தது. அதை வார்டுக்குக் கொண்டுவந்ததும், நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீட்டிக்க முடியும் என்று காட்டியதும் கோபன்ஹேகன் மருத்துவர்கள்.

நகரின் தொற்றுநோய் மருத்துவமனையான பிளெக்டமில் ஜூலை முதல் டிசம்பர் வரை 2,700க்கும் மேற்பட்ட போலியோ நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். உச்சக்கட்டத்தில் ஒரே நாளில் ஐம்பது பேர் வரை வந்தார்கள். அவர்களில் முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு விழுங்கும் தசைகளோ மூச்சுத் தசைகளோ செயலிழந்திருந்தன. மருத்துவமனையில் இருந்ததோ ஒரே ஒரு இரும்பு நுரையீரலும் மார்போடு பொருத்தும் ஆறு கவசக் கருவிகளும்தான். முதலில் இக்கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

எண்ணிக்கை போதாதது மட்டுமல்ல, கருவியே இந்த நோயாளிகளுக்குப் பொருந்தவில்லை. 1928இல் ஹார்வர்டில் பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் உருவாக்கிய இரும்பு நுரையீரல், தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க உடலை உள்ளே வைத்து மூடும் பெட்டி. பெட்டிக்குள் காற்றழுத்தம் குறையும்போது மார்பு விரிந்து காற்று தானே உள்ளே போகும். ஆனால் விழுங்க முடியாத நோயாளிக்குத் தொண்டையில் தேங்கும் எச்சிலும் சளியும் அதே காற்றோடு நுரையீரலுக்குள் இழுக்கப்பட்டன.

இன்னொரு குழப்பம் ஆய்வகத்தில் இருந்தது. இறக்கும் தறுவாயில் இருந்தவர்களின் இரத்தத்தில் மொத்தக் கரியமில வாயுவின் அளவு மிகுந்திருந்தது. காரத்தன்மை ஏறிவிட்டது என்று மருத்துவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மருத்துவர் மோகன்ஸ் பியோர்னபோவின் யோசனைப்படி, தலைமை மருத்துவர் லாசன் ஆகஸ்ட் 25 அன்று மயக்க மருந்து நிபுணர் பியோன் இப்சனை ஆலோசனைக்கு அழைத்தார். பாஸ்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்த இப்சன், பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு எதிரான முடிவுக்கு வந்தார். நுரையீரல்கள் முழுதும் கெட்டுவிடவில்லை, மூச்சு போதாமல் கரியமில வாயு உடலிலேயே தேங்குகிறது, ஆகவே இரத்தம் அமிலமாகிறது என்றார் அவர். பிறகு ஆய்வகத்தில் பவுல் ஆஸ்ட்ரூப் அமில–கார அளவை நேரடியாகச் சோதித்தபோது இப்சன் சொன்னதே உறுதியானது.

ஆகஸ்ட் 27 அன்று, கைகால் விளங்காமல், சளி அடைத்து நீலம்பாரித்துக் கிடந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம், காற்றை நுரையீரலுக்குள் அழுத்திச் செலுத்தும் முறை சோதிக்கப்பட்டது. தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் செருகினார்கள். சிறுமி திமிறியதில் காற்று உள்ளே போகவில்லை. சுற்றி நின்ற மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தார்கள். இப்சன் மயக்க மருந்து கொடுத்தார். திமிறல் அடங்கியதும் ரப்பர் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க முடிந்தது. பிழைத்த அவள் பல ஆண்டுகள் வாழ்ந்தாள்.

புகழ் இப்சனுக்குப் போனது நியாயமே. லாசனுக்குப் போதிய பங்கு கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். முதலில் தயங்கிய அவர், சோதனையைக் கண்டதும் மருத்துவமனையையே இந்த முறைக்குத் திருப்பினார். ஒரு நோயாளிக்கு இரவும் பகலும் ஒருவர் பையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் எழுபது பேர் வரை அப்படி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறினாலும் நாளொன்றுக்கு 280 பேர் தேவை. மருத்துவ மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களுமாகச் சுமார் 1,500 பேர் முறைவைத்து, மொத்தம் 1,65,000 மணி நேரம் பை அழுத்தியதாகக் கணக்கு. செவிலியர் சளி உறிஞ்சினார்கள், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். பேச முடியாத சிறுவர்களுக்கு மாணவர்கள் கதை படித்துக் காட்டினார்கள். 87 சதவீதமாக இருந்த இறப்பு சில மாதங்களில் ஏறத்தாழ 25 சதவீதமாகக் குறைந்தது. கருவி வாங்கிக் குவித்துக் கிடைத்த பலன் அல்ல இது. படுக்கைக்கு ஒருவர் என ஆளை நிறுத்தியதன் பலன்.

1953 டிசம்பரில் கோபன்ஹேகன் நகராட்சி மருத்துவமனையில் இப்சன் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். எந்த நோயானாலும் மூச்சோ இரத்த ஓட்டமோ தடுமாறும் நோயாளிகளை ஒரே இடத்தில், இடைவிடாத கண்காணிப்பில் வைப்பதே அதன் ஏற்பாடு. முதல் ஐ.சி.யூ. என்று பெரும்பாலோர் இதையே குறிப்பிடுகிறார்கள். மாணவர்களின் கைகளுக்கு மாற்றாக, சுவீடனின் கார்ல் குன்னர் எங்ஸ்ட்ரோம் வடிவமைத்ததைப் போன்ற வென்டிலேட்டர்கள் வந்தன. இரத்த வாயுச் சோதனை ஆஸ்ட்ரூப்பின் வேலையிலிருந்து வளர்ந்தது. இன்று ஆம்புலன்ஸில் தொங்கும் ஆம்பு பையும் டென்மார்க்கின் ஆக்கம்தான்: ஹென்னிங் ரூபனும் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் உருவாக்கி 1956இல் வெளிவந்தது. வென்டிலேட்டர் காலியில்லாத இந்திய மருத்துவமனைகளில் உறவினரே அதை மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டிருப்பது இன்றும் உண்டு.

போலியோ தடுப்பூசி 1955இல் வந்தது. மூச்சுக் கருவிகளுக்கான பெருந்தட்டுப்பாடு மறுபடி உலகச் செய்தியானது 2020இல், கோவிட்-19 பரவியபோது. அப்போது அரசுகள் முதலில் எண்ணியது வென்டிலேட்டர்களையும் படுக்கைகளையும்தான். லண்டனில் ஒரு கண்காட்சி மண்டபத்தை 4,000 படுக்கைகள் வரை விரிக்கத்தக்க நைட்டிங்கேல் மருத்துவமனையாக மாற்றி ஏப்ரல் 3 அன்று திறந்தார்கள். முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் ஐம்பத்துச் சொச்சம் பேர் மட்டுமே. நகரின் மற்ற மருத்துவமனைகள் தங்கள் ஐ.சி.யூ.க்களை விரித்துக்கொண்டது ஒரு காரணம். மண்டபத்துக்கென்று தனியாகத் தீவிர சிகிச்சைச் செவிலியர் இல்லை, அந்த மருத்துவமனைகளிடமிருந்தே இரவல் பெற வேண்டியிருந்தது என்பது இன்னொன்று. இந்தியாவில் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2021இன் இரண்டாம் அலையில் அவற்றில் சில, இயக்கத் தெரிந்த ஆளில்லாமல் மாவட்ட மருத்துவமனைகளில் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தன.