பேத்தை மீனும் ஆறாவது விரலும்



பிள்ளை ஆறு விரலோடு பிறந்துவிட்டால், "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்திருப்பா" என்று தாய்மீது பழி போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தப் பழி எவ்வளவு பொய் என்பதைக் காட்ட ஒரு மீன் உதவியது. அந்த வரலாறு இது.

நம் உடலின் உயிரணுக்களில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்ட மரபுச் சுவடி இருக்கிறது. அதில் புரதத்துக்கான குறிப்பு நூற்றுக்கு 2 பங்குகூட இல்லை. மிச்சத்தில் பெரும்பகுதியைக் 'குப்பை' என்றே பலர் ஒதுக்கினார்கள்.

அந்தக் காலத்தில் பெரட்டுக்கு நின்ற நம்ம பெரியவர்களைக் கேளுங்கள். ஆட்கள் இருந்தால் மட்டும் போதுமா? யார் எந்த நிரைக்குப் போவது என்று சொல்லக் கங்காணி வேண்டாமா? மரபணுக்களுக்கும் அப்படித்தான். எங்கே, எப்போது வேலை செய்வது என்ற கட்டளை வேண்டும். அது எங்கே ஒளிந்திருக்கிறது?

1993-இல் சிட்னி பிரென்னர் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் ஜப்பானியரின் 'புகு' மீனை ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். மலாய்க்காரர்கள் ஈக்கான் புந்தால் என்கிறார்களே, அந்தப் பேத்தை மீன் இனந்தான். அதன் சுவடி நம்முடையதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. மரபணுக்களோ பெரும்பாலும் நம்முடையவை போன்றவை. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். அத்தனை காலமும் இரண்டு சுவடியிலும் மாறாமல் நிற்கும் எழுத்துகள் வீணாக இருக்குமா?

1997-இல் சிங்கப்பூர் ஆய்வுக்கழகம் ஒன்றில் பைரப்பா வெங்கடேஷ், பிரென்னர் முதலியோர் புகு மீனின் மரபணு ஒன்றை, அதன் கட்டளைப் பகுதியோடு எலிக்குள் வைத்தார்கள். எலியின் மூளையில் அதற்கு ஒத்த மரபணு வேலை செய்யும் அதே அணுக்களில் மீனின் மரபணுவும் வேலை செய்தது. மீனின் கட்டளை எலிக்குப் புரிந்துவிட்டது!

2002-இல் புகு மீனின் முழுச் சுவடியும் வெளிவந்தது. மறு ஆண்டே, கைகால் உருவாக உதவும் மரபணு ஒன்றின் கட்டளை, அதிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்து தள்ளி இருப்பது தெரிந்தது. மனிதன், எலி, கோழி, புகு மீன் எல்லாவற்றிலும் அது இருந்தது. சில குடும்பங்களில் அதில் ஓர் எழுத்து பிசகியதால் கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் முளைத்திருந்தது.

ஆறு விரல் எல்லாவற்றுக்கும் இதுவே காரணமல்ல. ஆனாலும் கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெற்றோர்களே, எந்தத் தாயையும் பழிக்காதீர்கள். மாணவர்களே, குப்பை என்று பிறர் ஒதுக்கியதை நீங்கள் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்!