ஏரிச் சங்கிலியும் ஓடுபாதையும்: தமிழக விமான நிலைய விரிவாக்கத்தில் சுற்றுச்சூழல் மதிப்பீடு வளர்ந்த வரலாறு

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே, பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள் உள்ளன. அவற்றை நம்பி அந்த வட்டாரத்தில் சுமார் 40 கண்மாய்கள் இருக்கின்றன. அணையில் திறக்கும் தண்ணீர் எல்லா வயலுக்கும் நேராகப் போய்விடுவதில்லை. மேல் கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து கிடைக்கும். நடுவில் ஒரு கால்வாய் தூர்ந்துபோனால் அதற்குக் கீழேயுள்ள ஊர்கள் அத்தனையும் வறளும். அடைமழைக் காலத்தில் அதே அடைப்பு மேலேயுள்ள ஊர்களை மூழ்கடிக்கும். இந்த அறிவு இப்பகுதி உழவர்களுக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. நீர்ப்பங்கீட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசியும் சண்டையிட்டும் பெற்றது.

பிளவக்கல்லில் விமான நிலையம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மக்களுக்கு வானவழி மதுரையில்தான். ஆயினும் தமிழகத்தின் விமான நிலைய விரிவாக்கங்களை ஆராய இந்தக் கண்மாய்ப் பாசனமே பொருத்தமான அளவுகோல் என்று இக்கட்டுரை கருதுகிறது. ஓடுபாதைக்குச் சமதளமான, பரந்த, வீடுகள் குறைந்த நிலம் வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் அத்தகைய நிலம் பெரும்பாலும் ஏரியாகவோ அதன் ஆயக்கட்டாகவோ இருக்கிறது. ஆகவே இங்கே விமான நிலைய விரிவாக்கம் முதலில் நீரியல் கேள்வி. ஆனால் மதிப்பீட்டு முறை அதைத் திட்ட எல்லைக்குள் அடங்கிய நிலக் கேள்வியாகவே கையாண்டு வந்திருக்கிறது. இந்த இடைவெளி எப்படி உருவானது, ஏன் நீடிக்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மதிப்பீடு இல்லாத காலம்: மீனம்பாக்கம்

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பயணத்தோடு அங்குள்ள மீனம்பாக்கம் இந்திய வான்வழி வரைபடத்தில் நிலைபெற்றது. தெற்கே பல்லாவரம் மலைக்குன்றுகள், வடக்கே அடையாறு, இடையே சமவெளி. சிறிய விமானங்களுக்கு அது தாராளமான இடம்.

அடுத்த அரை நூற்றாண்டில் விமானங்கள் பெருத்தன, ஓடுபாதைகள் நீண்டன, முனையங்கள் எழுந்தன. நகரமும் நெருங்கி வந்தது. பொழிச்சலூர், மணப்பாக்கம், கொளப்பாக்கம் ஆகியவை புறநகர்களாக வளர்ந்து நிலையத்தைச் சூழ்ந்தன. இந்தக் காலம் முழுவதும் விரிவாக்க முடிவுகள் பொறியியலும் நிதியும் சார்ந்தவையாகவே இருந்தன. நீர்வழிக்கு என்ன நேரும் என்று கேட்கச் சட்டப்படியான இடம் எதுவும் இல்லை.

சட்டம் உருவான விதம்

உலக அளவில் அந்த இடத்தை முதலில் உருவாக்கியது 1970இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கத் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். பெரிய அரசுத் திட்டங்கள் முடிவாகும் முன்பே அவற்றின் விளைவுகளையும் மாற்று வழிகளையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்றது அது. 1978இல் அதற்கு வகுக்கப்பட்ட விதிகள் கூட்டு விளைவு என்ற கருத்தையும் சேர்த்தன. ஒரு திட்டத்தால் வரும் பாதிப்பைத் தனியே நிறுக்காமல், முன்பு நடந்தவற்றோடும் இனி நடக்கவிருப்பவற்றோடும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் போபால் பேரழிவுக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் வந்தது. அதன் கீழ் 1994 ஜனவரி 27 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, முன் அனுமதி பெற வேண்டிய திட்டங்களின் பட்டியலில் விமான நிலையங்களையும் சேர்த்தது. 1997இல் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமானது. 2006 செப்டம்பர் 14 அன்று வந்த புதிய அறிவிக்கை, தகுதி காணல், ஆய்வு வரம்பு வகுத்தல், மக்கள் கருத்துக் கேட்பு, நிபுணர் குழு மதிப்பாய்வு என நான்கு படிகளை வகுத்தது. விமான நிலையங்கள் 7(அ) என்ற இனத்தில் வைக்கப்பட்டு, அனுமதி வழங்கும் பொறுப்பு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் வைக்கப்பட்டது.

இந்த அறிவிக்கையில் ஒரு நல்ல விதை இருந்தது. விண்ணப்பதாரர் நிரப்ப வேண்டிய படிவம் 1இன் 9ஆம் பகுதி, திட்டத்தைத் தொடர்ந்து வரும் வளர்ச்சியையும் பிற திட்டங்களோடு சேரும் கூட்டு விளைவையும் கேட்கிறது. அதே படிவம் சுற்றிலும் 15 கி.மீ. தொலைவிலுள்ள நுண்ணுணர்வுப் பகுதிகளைக் கேட்கிறது. ஆனால் நடைமுறையில் ஆய்வு திட்டத்தைச் சுற்றி வரையும் 10 கி.மீ. வட்டத்துக்குள் சுருங்கியது. தண்ணீர் வட்டமாகப் பாய்வதில்லை. வட்டத்துக்கு வெளியே பல கி.மீ. தள்ளியுள்ள ஏரி, உள்ளேயுள்ள கால்வாயை நம்பி நிற்கலாம். படிவம் எழுப்பிய கேள்விக்கு வட்டம் பதில் சொல்லவில்லை.

அடையாற்றின் மேல் ஓடுபாதை

2000களில் சென்னையின் வளர்ச்சித் திட்டமிடல் இரு திசைகளில் போயிற்று. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதிய நிலையம் அமைப்பது ஒன்று. மீனம்பாக்கத்தையே விரிப்பது மற்றொன்று. முதலாவது நடக்கவில்லை. இரண்டாவதற்குச் சுற்றுப்புறக் குடியிருப்புகளின் எதிர்ப்பால் போதிய நிலம் கிடைக்கவில்லை. இடநெருக்கடிக்குக் கண்ட தீர்வு, இரண்டாம் ஓடுபாதையைப் பாலமிட்டு அடையாற்றின் குறுக்கே நீட்டுவது.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவில் தண்ணீர் வெளியேறியது. அடையாறு கரைமீறி, நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. விமானப் போக்குவரத்து பல நாள் நின்றது. அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று பின்னர் கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை குறிப்பிட்டது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று நிலையம் மூடப்பட்டது.

ஓடுபாதைப் பாலம் வெள்ளத்தை எத்தனை அங்குலம் உயர்த்தியது என்ற கணக்கைவிட அடிப்படையான கேள்வி, அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பது. அடையாற்று வெள்ளம் செம்பரம்பாக்கத்தில் தொடங்கிவிடுவதில்லை. செம்பரம்பாக்கத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு மேற்கிலிருந்து கம்பன் கால்வாய் வருகிறது. விமான நிலையத்தின் பாதுகாப்பு அதன் மதிலுக்கு வெளியே, பல பத்துக் கி.மீ. மேற்கேயுள்ள ஏரிகள் மழைநீரைத் தாங்குவதைப் பொறுத்தது. மதிலுக்குள் மட்டும் செய்யும் வெள்ளத் தடுப்பு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பாதி வேலைதான்.

மோபா தீர்ப்பு: ஒரு திருப்புமுனை

விமான நிலைய மதிப்பீட்டின் தரத்தை உச்ச நீதிமன்றம் நேராக எடைபோட்டது கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில். ஹனுமான் லட்சுமண் அரோஸ்கர் வழக்கில் 2019 மார்ச் 29 அன்று வந்த தீர்ப்பு, படிவம் 1இல் காடுகளும் நுண்ணுணர்வுப் பகுதிகளும் முறையாகத் தெரிவிக்கப்படாததைச் சுட்டிக்காட்டி, சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்து, நிபுணர் குழு மீண்டும் ஆராய வேண்டுமென்றது. மறு ஆய்வுக்குப்பின் 2020 ஜனவரியில், கூடுதல் நிபந்தனைகளோடு, தடை விலக்கப்பட்டது. நிலையம் கட்டியும் முடிக்கப்பட்டது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. உண்மையை முழுமையாகத் தெரிவிப்பது அனுமதியின் உயிர்நாடி என்பதை நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே நேரத்தில், இடம் முடிவாகிய பிறகு வரும் மறு ஆய்வால் நிபந்தனைகளைத்தான் கூட்ட முடிகிறது. இடத்தை மாற்ற முடிவதில்லை. நவி மும்பை விமான நிலையத்திலும் 2010இல் கிடைத்த அனுமதியைத் தொடர்ந்து உல்வே ஆறு திசைதிருப்பப்பட்டது, குன்று தகர்க்கப்பட்டது. திட்டத்துக்கேற்ப நிலவமைப்பை மாற்றுவதே வழக்கமாகியிருக்கிறது.

பரந்தூர்: அதே நீரின் மேற்கு முனை

2022 ஆகஸ்ட்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குக் காஞ்சிபுரம் மாவட்டப் பரந்தூர் தேர்வானது. படாளம், திருப்போரூர், பன்னூர் ஆகியவையும் பரிசீலனையில் இருந்தன. இறுதிக் கட்டத்தில் ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாள்வது இலக்கு. நிலத்தேவை 5,746 ஏக்கர். அதில் பட்டா நிலம் 3,774 ஏக்கர், அரசு நிலம் 1,972 ஏக்கர். அரசு நிலம் என்ற சொல் இங்கே சும்மா கிடக்கும் தரிசு என்ற எண்ணத்தைத் தந்துவிடக் கூடாது. அதில் பெரும்பகுதி ஏரியும் குளமும் கால்வாயும்தான். ஏகனாபுரம், நெல்வாய், நாகப்பட்டு, மேலேறி உள்ளிட்ட ஊர்கள் அவற்றைச் சார்ந்தே வாழ்கின்றன. கம்பன் கால்வாய் திட்டப் பகுதியின் ஊடாகவே ஓடுகிறது.

மீனம்பாக்கத்தை மூழ்கடித்த நீரின் மேற்கு முனைகளில் ஒன்றில்தான் அதன் நெருக்கடியைத் தீர்க்கும் புதிய நிலையம் வரப்போகிறது. இரண்டையும் இரண்டு திட்டங்களாக மதிப்பிட்டால் இந்த உறவு கண்ணில் படாது. ஒரே நீர்த்தொடரின் இரு இடங்களாகப் பார்த்தால்தான் படும்.

படிகளின் வரிசையும் கவனத்துக்குரியது. இடத்தேர்வு அறிவிக்கப்பட்ட பிறகே, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையிலான குழு நீர்வழிகளை ஆராய அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் சட்டமன்றம் நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டத்தை நிறைவேற்றியது. நீர்நிலைகளை உள்ளடக்கிய, 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கு அது தனி வழி வகுத்தது. ஏரிகளை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க 2007இல் சட்டம் இயற்றிய அதே சட்டமன்றம் இது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவிலான ஒப்புதலைக் கொடுத்தது. ஏகனாபுரம் கிராமசபை 2022 ஆகஸ்ட் 15 முதலே எதிர்ப்புத் தீர்மானங்களை நிறைவேற்றி வருகிறது.

இழக்கும் ஏரிகளுக்கு ஈடாக எஞ்சியவற்றை ஆழப்படுத்தலாம் என்ற யோசனை இத்தகைய திட்டங்களில் அடிக்கடி வரும். ஏரியின் பயன் அதன் கன அடியில் மட்டும் இல்லை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்த நீர் தானாக வயலுக்கு ஏறாது. ஆயக்கட்டுக்குப் பாயும் அளவு அதனால் கூடுவதில்லை. கலங்கல் மட்டம், மடை மட்டம், அடுத்த ஏரியின் வரத்துக்கால் மட்டம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதே ஏரிப் பாசனம். நடுவிலுள்ள ஏரியை எடுத்துவிட்டு வேறிடத்தில் குழி வெட்டினால் கொள்ளளவுக் கணக்கு சரியாகலாம், பாசனம் சரியாகாது.

மதுரை: இன்னும் திறந்திருக்கும் வாய்ப்பு

தென் மாவட்டங்களுக்கு இந்த ஆய்வு நேராகப் பொருந்துவது மதுரையில். அங்கே ஓடுபாதையை 7,500 அடியிலிருந்து 12,500 அடியாக நீட்டத் திட்டம் உள்ளது. அயன்பாப்பாக்குடி, குசவன்குண்டு, பெருங்குடி வட்டாரங்களில் நிலம் எடுக்கப்பட்டது. சின்ன உடைப்பு மக்கள் மாற்றிடமும் முறையான மறுவாழ்வும் கோரி 2024 நவம்பரில் போராடினர். விருதுநகர் மாவட்டத்தின் தொழிலுக்கும் வெளிநாடு செல்வோருக்கும் பெரிய விமானங்கள் இறங்கும் ஓடுபாதை பயன்தரும். அந்தத் தேவை உண்மையானது. நிலம் கொடுப்பவர் கேட்கும் நியாயமும் கண்மாய்களின் வரத்தும் அதே அளவு உண்மையானவை. மதுரையைச் சுற்றிய நிலமும் பிளவக்கல் போலக் கண்மாய் நாடுதான். அந்த நீர்த்தொடரை முழுதாக ஆராயும் வாய்ப்பு இங்கே இன்னும் திறந்திருக்கிறது.

முடிவுரை

மீனம்பாக்கத்தில் கேள்வியே எழவில்லை. 1994இல் கேள்வி பிறந்தது. 2006இல் அதற்குப் படிகள் கிடைத்தன. 2019இல் நீதிமன்றம் நேர்மையான பதிலைக் கோரியது. இது மெய்யான முன்னேற்றம். ஆயினும் மதிப்பீட்டின் அலகு திட்ட எல்லையாகவே நின்றுவிட்டது; மதிப்பீட்டின் நேரம் இடத்தேர்வுக்குப் பிந்தியதாகவே இருக்கிறது.

இவ்விரண்டும் மாற வேண்டும். ஓடுபாதை திட்டமிடப்படும் இடத்தின் நீர்த்தொடர் முழுவதும், தலையேரி முதல் கடைமடை வரை, ஆய்வின் அலகாக வேண்டும். பரிசீலனையிலுள்ள எல்லா இடங்களின் நீர்த்தொடர் வரைபடமும் இடத்தேர்வுக்கு முன்பே தமிழில் வெளியாக வேண்டும். கருத்துக் கேட்பு, நிலம் இழக்கும் ஊர்களோடு நில்லாமல், கீழே வரத்தை நம்பியுள்ள ஊர்களிலும், மேலே தேக்கத்துக்கு ஆளாகும் ஊர்களிலும் நடக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. படிவம் 1 கேட்கும் கூட்டு விளைவுக்கு உண்மையான பதிலைக் கட்டாயமாக்கினாலே போதும். மேல் கண்மாயை அடைத்தால் கீழ்க் கண்மாய்க்காரர் வந்து கேட்கும் உரிமை பிளவக்கல் ஆயக்கட்டில் கேள்விக்கிடமின்றி நிலவுகிறது. அதே உரிமையை விமான நிலையத் திட்டங்களின் முன்னும் அவருக்கு அளிப்பதே மதிப்பீட்டு முறையின் அடுத்த படியாக இருக்க வேண்டும்.