புடவைக்கு வந்தவர்களுக்கு ஒரு பகல்

முகூர்த்த மாதம் நெருங்கிவிட்டால் ஆரணிக் கடைத்தெருவில் வெளியூர்க் கார்கள் நிற்கத் தொடங்கும். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் விரித்துப் போட்ட புடவைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் உட்காருவார்கள். பேரம் படிந்ததும், முடிந்தால் ஆரணி அரிசி ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். பட்டுக்காகக் காஞ்சிபுரம் போகிறவர்கள் ஒரு கோயிலையாவது பார்க்காமல் வருவதில்லை. ஆரணிக்கு வருகிறவர்களுக்கு அந்த எண்ணமே எழுவதில்லை என்பதுதான் விசித்திரம். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டும், சம்புவராயர்களின் தலைநகரும், பாழடைந்த ஜாகீர் மாளிகைகளும் இருக்கின்றன. ஊருக்குள்ளேயே ஒரு கோட்டை இருக்கிறது.

விவரம் தெரிந்த வழிகாட்டி ஒருவர் உடன் இருந்தால் ஒரே பகலில் இவற்றைப் பார்த்துவிடலாம். வழிகாட்டிக்கு இரண்டு தெளிவு வேண்டும். எதைக் காட்டாமல் விடுவது என்பது ஒன்று. எது ஊர்க்கதை, எது கல்வெட்டு என்று பிரித்துச் சொல்வது மற்றொன்று. இரண்டாவதில் கோட்டைவிடுகிறவர்களே அதிகம்.

புறப்பாடு தறித்தெருவிலிருந்துதான் தொடங்க வேண்டும், அதுவும் விடியற்காலையில். வெயில் ஏறுவதற்குள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து சீர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டுமானால் அதுதான் நேரம். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. கரையையும் முந்தியையும் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு அட்டைகள் தீர்மானிக்கின்றன. செங்குந்தரும் சௌராஷ்டிரரும் வளர்த்த தொழில் இது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தொண்டை மண்டலத்து விஜயநகரக் கல்வெட்டுகளில் கைக்கோளர்கள், அதாவது செங்குந்தர்கள், தண்டும் (பல்லக்கும்) சங்கும் பயன்படுத்தும் உரிமை பெற்ற செய்தி வருகிறது. பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் அரசாணை வேண்டியிருந்த காலத்தில், நெசவாளர்கள் அதைக் கேட்டு வாங்கும் வலிமையோடு இருந்திருக்கிறார்கள். தறியைப் பார்த்த கையோடு இதைச் சொன்னால், அடுத்து வரும் கல்வெட்டுகளைப் பயணிகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அடுத்து திருமலை. போளூர் சாலைப் பக்கம், வடமாதிமங்கலம் ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் சமண மலை இது. பாறை சூடேறுவதற்கு முன் ஏறிவிட வேண்டும். மலைமேல் சுமார் 16 அடி உயரத்தில் நேமிநாதர் நிற்கிறார். ஊரார் வழக்கில் அவர் சிகாமணிநாதர். கீழே பாறையை ஒட்டி எழுப்பிய அறைகளில் பழைய ஓவியங்கள் உள்ளன. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரண வட்டத்தை அங்கே காணலாம். இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றாலும் வழிபாடு நின்றுபோகவில்லை. தமிழ்ச் சமணர்கள் இன்றும் இப்பகுதி ஊர்களில் வாழ்கிறார்கள்.

இந்த ஒருநாள் பயணத்தில் மிகுதியான நேரத்தைத் திருமலைக்கே ஒதுக்க வேண்டும். காரணம் சிற்பமோ ஓவியமோ அல்ல, கல்வெட்டுகள்தான். ராஜேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, அவன் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய் வங்காளத்தையும் பால மன்னன் மகிபாலனையும் கங்கையையும் தொடுகிறது. கடாரம் அதில் இல்லை; அது அடுத்த ஆண்டுக் கல்வெட்டுகளில்தான் தலைகாட்டுகிறது. அதனால்தான் கடல் கடந்த கடாரப் படையெடுப்பு எப்போது நடந்தது என்று கணிக்க வரலாற்றாசிரியர்கள் இந்தத் திருமலைக் கல்வெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 1890இல் கல்வெட்டறிஞர் ஹுல்ச் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே திருமலைக்கு இடம் கிடைத்தது.

இத்தனை வெற்றிகளையும் அடுக்கிவிட்டுக் கல்வெட்டு சொல்ல வந்த செய்தி என்ன? பெரும்பாணப்பாடியில் வாழ்ந்த நன்னப்பையன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, இம்மலைக் கோயிலுக்கு விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் காசு கொடுத்தாள், அவ்வளவுதான். கோயிலின் பெயர் குந்தவை ஜினாலயம். ராஜராஜனின் அக்கா குந்தவையின் பெயர் தாங்கியது. மன்னனின் மெய்க்கீர்த்தி வணிகர் வீட்டுப் பெண் ஒருத்தியின் கொடைக்கு முன்னுரையாக நிற்கிறது. மூன்று நூற்றாண்டு கழித்து, ராஜநாராயண சம்புவராயன் காலத்தில், பொன்னூரைச் சேர்ந்த நல்லாத்தாள் இங்கே ஒரு திருமேனியை எழுந்தருளுவித்தாள் என்று இன்னொரு கல்வெட்டு கூறுகிறது. குந்தவை, சாமுண்டப்பை, நல்லாத்தாள் என்று மூன்று பெண்களின் பெயர் ஒரே குன்றில் கிடைக்கிறது. சங்க கால எழினியின் மரபில் வந்ததாகச் சொல்லிக்கொண்ட விடுகாதழகிய பெருமாள் என்னும் சிற்றரசன் பழைய யட்சன், யட்சி உருவங்களைச் சீரமைத்த செய்தியும் இங்கே உண்டு. வழிகாட்டிகள் பலர் சிலையின் உயரத்தைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவது பெரிய நட்டம்.

நல்லாத்தாளின் கல்வெட்டில் வரும் சம்புவராயர்கள் வீற்றிருந்த ஊர் படவேடு. ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழைத் தோப்புகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் கோயில்களைப் பார்த்தால் அது தலைநகராக இருந்ததை நம்புவது கொஞ்சம் கடினம்தான். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் மதுரைக்குப் போகும் முன் முதலில் சம்புவராயரைத்தான் அடக்கினான். இன்று படவேடு என்றால் ரேணுகாம்பாள். ஆடி வெள்ளிகளில் வண்டி நகராது. பயணத்தை வேறு மாதத்துக்குத் தள்ளிவைப்பது நல்லது. சின்முத்திரையோடு ராமர் அமர்ந்திருக்க எதிரே அனுமன் சுவடி வாசிக்கும் யோகராமர் கோயிலைத் தவறவிடக் கூடாது.

திரும்பும் வழியில் கதைகளின் ஆட்சி தொடங்குகிறது. கமண்டல நாகநதிக் கரையில் உள்ள புத்திரகாமேட்டீஸ்வரர் கோயிலில் தசரதன் பிள்ளை வரம் வேண்டி வேள்வி செய்தான் என்பது தலபுராணம். பூசிமலைக்குப்பத்தில் காட்டோரம் இடிந்து நிற்கும் கண்ணாடி மாளிகையை ஜாகீர்தார் ஒருவர் தன் வெள்ளைக்காரக் காதலிக்காகக் கட்டினார் என்பது ஊர்ச்சொல். இரண்டையும் சொல்லலாம், கதை என்று சொல்லியே சொல்லலாம். ஜாகீர்தார்களின் உண்மை வரலாறே போதுமான சுவை உடையது. மராட்டியத்திலிருந்து வந்த இந்தப் பிராமணக் குடும்பம் 17ஆம் நூற்றாண்டில் ஆரணியைப் பெற்று, நவாபு, கம்பெனி ஆட்சிகளைத் தாண்டி அதைக் கையில் வைத்திருந்தது. அவர்களின் அரண்மனை நிற்கும் சத்யவிஜயநகரத்தின் பெயர், அங்கே பிருந்தாவனம் (சமாதி) கொண்ட உத்தராதி மடத்துத் துறவி சத்யவிஜய தீர்த்தருடையது. எஸ்.வி. நகரம் என்று பேருந்தில் ஏறி இறங்கும் பலருக்கு இது தெரியாது.

வெயில் தாழ்ந்ததும் கோட்டைக்கு வரலாம். கைலாசநாதர் கோயிலும் அரசு அலுவலகங்களும் அதற்குள் கலந்து இருக்கின்றன. 1751 டிசம்பரில், ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட 26 வயது ராபர்ட் கிளைவ், முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையைச் சேர்த்துக்கொண்டு, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் பிரெஞ்சுப் படையையும் ஆரணி அருகே தோற்கடித்தார். 1782 ஜூன் 2 அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட் இங்கே வந்தது ஹைதர் அலியின் கிடங்குக்காக. ஹைதரின் முக்கியச் சேமிப்பிடம் ஆரணிதான். சண்டை நடந்தது, கோட்டை அயர் கூட்டின் கைக்கு வரவில்லை. கோட்டைப் பகுதியில் உயர்ந்து நிற்கும் நினைவுத்தூண் கர்னல் ராபர்ட் கெல்லியுடையது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆற்காட்டுச் சீமையான கர்நாடிக்கைக் காக்க நிறுத்தப்பட்ட படைக்குத் தலைமை தாங்கியிருந்தவர், 1790 செப்டம்பரில் ஆரணியில் இறந்தார். தென்னாட்டு நிலப்படங்கள் வரைவதில் ஆர்வம் கொண்டவர் அவர்.

தேவிகாபுரத்துப் பெரியநாயகி கோயிலையும் பல்லவன் மகேந்திரவர்மன் குடைந்த சீயமங்கலம் குகைக்கோயிலையும் இதே பகலில் திணிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் பார்த்ததாகப் படம் எடுக்கலாம், ஒன்றையும் நின்று பார்க்க முடியாது. சீயமங்கலத்தை 1760இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்ற வந்தவாசியோடும், மாமண்டூர்க் குகைகளோடும் சேர்த்து இரண்டாம் நாளாக வைத்துக்கொள்வதே முறை. அதற்கு ஆரணியில் இரவு தங்க வேண்டியிருக்கும். புடவையை மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம்.